டர்ட் பைக் ஏற்ற எந்த டாய் ஹாலர் உழைக்கும்? நான்கு வகை, ஓர் அலசல்

டிரக்கின் பின்னால் இழுத்துப் போகும், தங்கவும் பைக் ஏற்றவும் இடமுள்ள ட்ரெய்லர்தான் டாய் ஹாலர். அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது சோபா, சமையல் மேடை, டிவி. தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பலர் குனிந்து பார்ப்பதே இல்லை. வண்டி பத்து வருடம் ஓடுமா, மூன்றாம் வருடமே ஒர்க்‌ஷாப்பில் நிற்குமா என்பதை முடிவு செய்வது அந்தக் கீழ்ப்பகுதிதான். அதனால் இந்த ஒப்பீட்டில் உள் அலங்காரத்துக்கு இடமில்லை.

முன்பாதியில் தங்கும் அறை, பின்பாதியில் பைக் நிறுத்தும் கராஜ், அப்படியே கீழே இறங்கிச் சாய்தளமாகும் பின்சுவர். இதுதான் டாய் ஹாலர். வட அமெரிக்காவின் சரக்கு இது. இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் ஏராளமாகத் தயாராகிறது. கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடு, யூட்டாவின் மோவாப் பாறைவெளி போன்ற இடங்களுக்குப் பைக்கோடு போய் இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்களுக்காகவே உருவானது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டர்ட் பைக் (மண்பாதையில் ஓட்டும் பைக்) மட்டும்தான் ஏற்றப் போகிறீர்கள் என்றால், பளபளப்பான பெரிய டாய் ஹாலரைவிட எளிமையான பெட்டி ட்ரெய்லரோ முழு அலுமினிய ட்ரெய்லரோதான் அதிக நாள் உழைக்கும். குடும்பத்தோடு வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களைப் பற்றிப் பிறகு.

250 முதல் 450 சிசி வரையுள்ள மோட்டோகிராஸ் பைக் பெட்ரோலோடு சேர்த்து ஏறக்குறைய 105 முதல் 115 கிலோ இருக்கும். காட்டுப்பாதைக்கான ட்ரெயில் வகை கொஞ்சம் கூடுதல். போலாரிஸ் ஆர்இசட்ஆர் மாதிரியான நான்கு சக்கர வண்டியோ 600 கிலோவைத் தாண்டும், அகலமும் 64 அங்குலம். பெரிய டாய் ஹாலர்களின் கராஜ் அந்த வண்டியை மனதில் வைத்துத்தான் கட்டப்படுகிறது. மூன்று பைக்குக்காக அதை வாங்கினால் தேவையில்லாத நீளம், தேவையில்லாத எடை, அதை இழுக்கத் தேவையில்லாமல் பெரிய டிரக் என்று செலவு சங்கிலியாக நீளும்.

அதே நேரம், பைக் லேசானது என்பதால் தரைக்குக் கஷ்டமில்லை என்று நினைக்கவும் கூடாது. நான்கு சக்கர வண்டியின் எடை நான்கு அகலமான டயர்களில் பரவும். பைக்கைப் பட்டா போட்டு இழுத்துக் கட்டும்போதோ முழு இழுவையும் தரையில் பதித்த நான்கு வளையங்களில்தான் விழுகிறது. மேடுபள்ளச் சாலையில் பைக் ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் அந்த வளையங்களை மேலே பிடுங்கப் பார்க்கும். வளையம் வெறும் பிளைவுட்டில் ஸ்குரு போட்டுப் பொருத்தியதாக இருந்தால் ஒருநாள் பெயர்ந்து வரும். தரைக்கடியில் உள்ள குறுக்குச் சட்டத்தோடு போல்ட் போட்டோ வெல்டிங் செய்தோ இருக்க வேண்டும். குறைந்தபட்சம் அடியில் அகலமான இரும்புத் தகடாவது வைத்திருக்க வேண்டும். எந்த வகை ட்ரெய்லரைப் பார்த்தாலும் முதலில் கீழே படுத்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முதலில் பெட்டி ட்ரெய்லர். சரக்கு ஏற்றும் மூடிய பெட்டிதான்; உள்ளே கட்டிலும் ஜன்னலும் மின்விசிறியும் நாமே வைத்துக்கொள்வது. 7 அடி அகலம், 16 அடி நீளம், 3,500 பவுண்டு தாங்கும் இரண்டு ஆக்சில் (சக்கர அச்சு) என்பது பரவலான அளவு. மொத்த எடை வரம்பு 7,000 பவுண்டு, அதாவது சுமார் 3,175 கிலோ. வெறும் வண்டி 1,300 கிலோவை ஒட்டி இருக்கும் என்பதால் சுமைக்கு 1,800 கிலோவுக்கு மேல் மிச்சம். பைக்குக்கு இது தாராளம். உடைய அதிகம் எதுவும் இல்லை என்பதுதான் இதன் பெரிய பலம். பக்கவாட்டில் வெளியே நீளும் நகரும் அறை இல்லை, குழாய்கள் இல்லை, அலமாரிகள் இல்லை. கூரை ஒழுகினால் எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். பலகை கெட்டால் அரைநாளில் மாற்றலாம்.

ஆனால் பெட்டி ட்ரெய்லர்களுக்குள்ளேயே தரம் ஏணி வைத்தாலும் எட்டாத அளவுக்கு வேறுபடும். மலிவானவற்றில் தரைக்கடிச் சட்டங்கள் 24 அங்குலத்துக்கு ஒன்று. நல்லதில் 16 அங்குலத்துக்கு ஒன்று. சுவர்ச் சட்டங்களுக்கும் இதே கணக்கு. வெறும் மடக்குத் தகட்டில் செய்த சட்டமா, சதுரக் குழாயா என்றும் கேளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைப் பெட்டிதான். விலை வித்தியாசம் எதற்கு என்று விற்பவரே பல சமயம் விளக்குவதில்லை.

இதன் குறையை மறைக்க முடியாது. பெட்ரோல் வாசனைக்கு நடுவே படுக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டித் தேங்கும். டாய் ஹாலர் கராஜில் காற்றுத் திறப்புகளைத் தரையருகே தாழ்வாக வைப்பது இதனால்தான். பெட்டியை நாமே மாற்றிக் கட்டும்போது அப்படிக் கீழே திறப்பு வைப்பதும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி மாட்டுவதும் கட்டாயம். பைக்கை வெளியே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே படுக்க வேண்டும் என்பேன், அவசியமானால் பூட்டுச் சங்கிலி போட்டாவது.

இரண்டாவது, டிரக்கின் பின்புறம் உள்ள ஹிட்ச் என்ற இணைப்பில் மாட்டி இழுக்கும் வழக்கமான டாய் ஹாலர். சந்தையில் அதிகம் கிடைப்பது இதுதான். நான் அதிகம் சந்தேகப்படுவதும் இதைத்தான். சுவர் பெரும்பாலும் அடுக்குச் சுவர்: வெளியே ஃபைபர்கிளாஸ், அடியில் மெல்லிய லுவான் பலகை, நடுவே ஃபோம், உள்ளே இன்னொரு பலகை. கூரை ஓரத்தில் நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் வெடித்து நீர் இறங்கினால் லுவான் ஊறி, ஃபைபர்கிளாஸ் கொப்புளமாகக் கிளம்பும். ஒருமுறை அப்படிக் கிளம்பிவிட்டால் சரிசெய்யும் செலவு பல நேரம் வண்டியின் மதிப்பையே எட்டிப் பிடிக்கும். லுவானுக்குப் பதிலாக அஸ்டெல் என்ற மரமில்லாக் கலவைத் தகடு வைத்த மாடல்கள் இருக்கின்றன. இந்த வகைதான் வாங்குவது என்று முடிவு செய்தால், சோபாவின் நிறத்துக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் எடைச் சமநிலை. கராஜ் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கிறது. பின்னால் ஏற்றும் சுமை, நெம்புகோல் மாதிரி முன்பக்க ஹிட்சைத் தூக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெறும் வண்டி 3,000 கிலோ, ஹிட்சில் அழுத்தம் 420 கிலோ, ஹிட்சிலிருந்து ஆக்சில் வரை 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பைக், மொத்தம் 460 கிலோ, ஆக்சிலுக்கு 2 மீட்டர் பின்னால் நிற்கின்றன. ஹிட்ச் அழுத்தத்தில் 184 கிலோ குறைந்து 236 ஆகும். மொத்த எடை 3,460 கிலோ. அதில் இது 7 சதவீதம்கூட இல்லை. இந்த வகை ட்ரெய்லருக்கு 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் லாரி கடந்து போகும்போதோ பக்கக்காற்று அடிக்கும்போதோ வால் ஆடத் தொடங்கும். தண்ணீர் டேங்க் ஆக்சிலுக்கு முன்னால் இருந்தால் நிரப்பிக்கொண்டு போவது உதவும். பின்னால் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆகவே டேங்க் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

தண்ணீரைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் விற்கும் இத்தகைய ட்ரெய்லர்களில் கதவருகே ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும்: எவ்வளவு கிலோவுக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது, தண்ணீர் முழுதாக நிரப்பினால் எவ்வளவு எடை என்று. தண்ணீரும் அந்தச் சுமையில் அடக்கம். 100 கேலன் டேங்க் என்றால் 380 கிலோ அதற்கே போய்விடும். நான்கு பைக் 460, பைக்குக்கான எரிபொருள் டேங்க் 30 கேலன் என்றால் 85 கிலோ, உடை, கருவி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு 200. ஆக 1,125 கிலோ. விளம்பரத் தாளில் போட்டிருக்கும் வெற்று எடையை நம்பாதீர்கள். கூடுதலாகப் பொருத்திய ஜெனரேட்டர், இரண்டாவது ஏசி எல்லாம் அதில் வராமல் போகலாம். கதவில் ஒட்டிய எண்தான் உங்கள் கையில் இருக்கும் வண்டியின் எண்.

மூன்றாவது ஃபிஃப்த் வீல். டிரக்கின் பின் தொட்டிக்குள், பின் ஆக்சிலுக்கு மேலாகவே மாட்டுவது. கிராண்ட் டிசைன் மொமெண்டம், கீஸ்டோன் ராப்டர் போன்றவை இந்த ரகத்தில் பெயர் பெற்றவை. மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் டிரக்கின் மேல் உட்காருவதால் வால் ஆட்டம் மிகக் குறைவு. சேஸ் (அடிச்சட்டம்) கனமானது, ஆக்சில்கள் 7,000 பவுண்டு ரகம், பெரியவற்றில் மூன்று ஆக்சில். கராஜுக்குத் தனிச் சுவரும் கதவும் உண்டு. பெட்ரோல் வாசனை படுக்கையறைக்கு அதிகம் வராது. குழந்தைகளோடு ஒரு வாரம் தங்குகிறவர்களுக்கு இதற்கு ஈடு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நகரும் அறைகள், ஹைட்ராலிக் கால்கள், மின்சாரக் கட்டில் தூக்கி என்று அசையும் பாகங்கள் கூடக்கூடப் பழுதும் கூடும். இழுக்க, ‘ஒரு டன் ரகம்’ என்று சொல்லப்படும் கனமான பிக்கப் டிரக் வேண்டும். கலிபோர்னியாவில் 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஃபிஃப்த் வீலுக்குச் சாதாரண ஓட்டுநர் உரிமம் மட்டும் போதாது. இரண்டு பைக்குக்கு இது வேண்டாம்.

நான்காவது முழு அலுமினியம். ஏடிசி என்று அழைக்கப்படும் அலுமினம் ட்ரெய்லர் கம்பெனி, சேஸ் முதல் கூரைச் சட்டம் வரை அலுமினியத்தில் வெல்டிங் செய்து, மரமே இல்லாமல் டாய் ஹாலர் கட்டுகிறது. ஊறிக் கெட மரம் இல்லை, துருப்பிடிக்க இரும்புச் சட்டம் இல்லை. உள்ளே தண்ணீர் பீய்ச்சிச் சேற்றைக் கழுவலாம் என்பது டர்ட் பைக்காரருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை. எடையும் குறைவு. அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் அதேபோல் மூன்றில் ஒரு பங்கு என்பதால் சட்டங்களைப் பருமனாக வைக்க வேண்டும், அந்த மிச்சத்தில் ஒரு பகுதி அங்கே போய்விடும். கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. இரும்பு ஆக்சில் அலுமினியச் சட்டத்தோடு சேரும் இடத்தில் நடுவே காப்பு இல்லாவிட்டால், பனிக்கு உப்புத் தூவிய சாலையில் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். ஹிட்ச் கழுத்தருகே வெல்டிங்கில் நூலிழை விரிசல் தெரிகிறதா என்று வருடந்தோறும் பார்க்க வேண்டும். ஓயாத அதிர்வில் அலுமினியம் இரும்பைவிடச் சீக்கிரம் களைத்துப்போகும். விலை அதிகம்தான். ஆனால் பழைய வண்டியாக விற்கும்போது தரை உளுத்திருக்குமோ என்று வாங்குபவர் பயப்பட வேண்டியதில்லை.

எந்த வகையானாலும் ஆக்சிலையும் டயரையும் பற்றித் தனியாகப் பேசியாக வேண்டும். ரப்பர் முறுக்கில் இயங்கும் டார்ஷன் ஆக்சில் மென்மையாக ஓடும், பராமரிப்பும் குறைவு. ஆனால் ரப்பர் தளர்ந்தால் முழு ஆக்சிலையும் மாற்ற வேண்டும்; இரண்டு ஆக்சில் வண்டி கொஞ்சம் சாய்ந்து ஓடினாலும் ஒன்றின் மேல் சுமை கூடிவிடும். தகடுகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கில் நடுவில் உள்ள சமன்கட்டை இரண்டு ஆக்சிலுக்கும் சுமையைப் பகிர்ந்து கொடுக்கும். எந்தச் சிற்றூரிலும் ஸ்பிரிங் மாற்றிக்கொள்ளலாம். அலைஅலையான மண்சாலையில் தொலைதூரம் போகிறவர்களுக்கு என் தேர்வு லீஃப் ஸ்பிரிங்தான், ஒரு நிபந்தனையோடு: நிறைய வண்டிகளில் ஸ்பிரிங் இணைப்புகளில் வரும் பிளாஸ்டிக் புஷ்களை (போல்ட்டைச் சுற்றிய உறைகளை)த் தூக்கிவிட்டு, கிரீஸ் அடிக்கும் துளையுள்ள போல்ட்டும் வெண்கலப் புஷ்களும் போட வேண்டும். செலவு அதிகமில்லை. பேரிங்கைப் பொறுத்தவரை 12 மாதம் அல்லது 12,000 மைல், எது முதலில் வருகிறதோ அப்போது பிரித்து கிரீஸ் மாற்றுவது டெக்ஸ்டர் நிறுவன ஆக்சில்களுக்கான வழக்கமான கணக்கு.

டயரில் எழுத்தைப் பாருங்கள். எஸ்டி (ட்ரெய்லர் டயரின் குறி) 225/75ஆர்15 என்ற ஒரே அளவில் டி என்ற சுமை ரகம் 65 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் 2,540 பவுண்டு தாங்கும். இ ரகம் 80 பிஎஸ்ஐயில் 2,830 பவுண்டு. நான்கு டயருக்கு வித்தியாசம் 1,160 பவுண்டு, கிட்டத்தட்ட ஐந்து பைக்கின் எடை. ரிம்மும் அந்தக் காற்றழுத்தத்தைத் தாங்கக் கூடியதா என்று பார்த்துவிட்டு இ ரகத்துக்கு மாறுங்கள். பக்கச்சுவரில் தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரமும் வருடமும்: 2321 என்றால் 2021இன் 23ஆம் வாரம். ட்ரெய்லர் டயர் தேய்வதைவிட நின்ற இடத்திலேயே கிழடாவதுதான் அதிகம். டயரின் மேல்வரிகள் அழியாமல் இருந்தாலும் ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிட வேண்டும்.

பைக்கைக் கட்டும் விதமும் ட்ரெய்லரின் ஆயுளைத் தொடும். பட்டா போட்டு ஃபோர்க்கை அழுத்தி இறுக்குவதற்குப் பதில், பின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிட் புல் அமைப்போ, ஃபுட்பெக்கை (கால்மிதியை)ப் பிடிக்கும் ரிஸ்க் ரேசிங்கின் லாக் அண்ட் லோடோ வைத்தால் சஸ்பென்ஷன் அழுத்தம் இல்லாமல் பைக் நிற்கும். இரண்டும் தரைத் தகட்டில் பூட்டிக்கொள்பவை என்பதால், மேலே சொன்ன அந்தக் குறுக்குச் சட்டம் இங்கேயும் வேண்டும்.

ஆக, தனியாகவோ நண்பர்களோடோ சனி ஞாயிறு போய் வருகிறவர்கள் 16 அங்குலச் சட்டம் உள்ள பெட்டி ட்ரெய்லரை வாங்கி, மிச்சப் பணத்தை டயரிலும் புஷ்ஷிலும் தரையிலும் போடலாம். கையில் வசதியும் பத்து வருடம் வைத்துக்கொள்ளும் எண்ணமும் இருந்தால் அலுமினியம். கழிப்பறை, சமையல் எல்லாம் வேண்டும், ஆனால் டிரக் சிறியது என்றால், அஸ்டெல் சுவரும் முன்பக்கத் தண்ணீர் டேங்கும் உள்ள வழக்கமான டாய் ஹாலர், அதிலும் 24 அடியைத் தாண்டாதது. எதை வாங்கினாலும் முதல் பயணத்தில் பைக், தண்ணீர், பெட்ரோல் எல்லாம் ஏற்றிய பிறகு லாரி எடைமேடையில் ஒருமுறை நிறுத்துங்கள். ஆக்சில் எடை தெரிந்துவிடும். ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு டிரக்கை மட்டும் இன்னொரு முறை எடை போட்டால் ஹிட்ச் எடையும் கணக்காகிவிடும். ஹிட்சில் 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் கருவிப்பெட்டி, கூலர், உதிரி டயர் போன்ற கனமானவற்றை முன்பக்கம் மாற்றிவிட்டு மறுபடி எடை போட்டுப் பாருங்கள்.