உழவர் சந்தை: காய் நல்லது, கண்காணிப்புதான் தளர்கிறது

நாட்டுக்காயும் கீரையும் வாங்க நகரத்துக்குள் உழவர் சந்தையை மிஞ்ச இடமில்லை. உருளைக்கிழங்கும் பெரிய வெங்காயமும் மட்டும் வேண்டுமென்றால் பக்கத்துத் தெருக் கடையே போதும், பெட்ரோல் மிச்சம்.

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறக்கப்பட்டது. விவசாயிகளே நேரடியாக விற்கும் இதே மாதிரிச் சந்தைகளான பஞ்சாபின் அப்னி மண்டியும் ஆந்திராவின் ரைத்து பஜாரும் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தன. ஏற்பாடு எளிமையானது: கமிஷன் கிடையாது, கடை வாடகை கிடையாது, தராசைச் சந்தையே கொடுக்கும். பதிலுக்கு ஒரே நிபந்தனை, விளைவித்தவரே விற்க வேண்டும். சந்தையின் தரம் முழுக்க அந்த ஒரு நிபந்தனையைத்தான் நம்பியிருக்கிறது.

அதை உறுதிப்படுத்தத்தான் அடையாள அட்டை. நில ஆவணமும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் கொடுக்க வேண்டும், அதிகாரிகள் வயலில் பயிரைப் பார்க்க வேண்டும், பிறகுதான் புகைப்படம் ஒட்டிய அட்டை. கோளாறு இங்கேதான் நுழைகிறது. அட்டை கொடுத்த அன்று கத்தரி நின்ற வயலில் ஆறு மாதம் கழித்து என்ன நிற்கிறது என்று யாரும் போய்ப் பார்க்காவிட்டால், அட்டை விவசாயியுடையதாகவும் சரக்கு மண்டியுடையதாகவும் ஆகிவிடும். வாங்குபவர் இதைக் கண்ணாலேயே பிடிக்கலாம். ஒரு குடும்பம் ஒரு பருவத்தில் மூன்று நான்கு காய்தான் கொண்டுவர முடியும். கேரட், பீன்ஸ், முருங்கை, தேங்காய், பெரிய வெங்காயம் எல்லாம் ஒரே கடையில் அடுக்கியிருந்தால் அது ஒரு வயலில் விளைந்ததல்ல. சொந்தக் காயில் அளவு ஒரே சீராக இருக்காது. புடலை ஒன்று நீளம், ஒன்று வளைசல். வெண்டை, பீர்க்குக் காம்பின் வெட்டு ஈரமாக இருந்தால் முந்தின நாள் சாயங்காலம் பறித்தது. காம்பு கறுத்துச் சுருங்கியிருந்தால் மண்டியில் ஓர் இரவாவது கிடந்திருக்கும்.

விலைப்பலகையைப் படிக்கவும் ஒரு கணக்கு உண்டு. மொத்த விலையைவிட 20 சதவீதம் கூட, வெளிச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவு என்பதுதான் விதி. கத்தரி மண்டியில் கிலோ 30 ரூபாய், தெருக் கடையில் 45 என்று வைத்துக்கொள்வோம். விவசாயிக்கு 36 கிடைக்க வேண்டும், வாங்குபவர் 38-க்கு மேல் கொடுக்கக்கூடாது. பலகையில் 37 என்று எழுதினால் இரண்டு பேருக்கும் லாபம். ஆனால் தெருக் கடையில் 38-தான் என்றால் 15 சதவீதம் கழித்து 32 வருகிறது, விவசாயியின் 36 எட்டவில்லை. சில்லறை விலை மொத்த விலைக்கு மேல் 41 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகவாவது இருந்தால்தான் இந்த விதி இரண்டு பக்கமும் நிற்கும். வரத்து குவிந்து இடைவெளி சுருங்கும் நாட்களில் பலகை விலைக்கு விவசாயி முகம் சுளிப்பதும், நல்ல காயை அடியில் வைத்துக்கொள்வதும் இதனால்தான். அதை ஏமாற்று என்று சொல்ல மனம் வரவில்லை; விதியைத்தான் திருத்த வேண்டும்.

கீரைக்கு ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். தண்ணீர் தெளித்த சாக்கில் மூடி வைத்தாலும் வெயில் ஏறினால் அரைக்கீரையும் சிறுகீரையும் துவண்டுவிடும். வெயில் காலத்தில் கட்டின் நடுவே விரலை விட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் வேண்டாம். பத்து மணிக்கு மேல் மலிவாகக் கிடைப்பது தக்காளிதான். அன்றைக்கே தொக்குப் போடுவதாக இருந்தால் வாங்கலாம். சேனை, கருணை, வாழைக்காய், பூசணிக்கு நேரம் பார்க்க வேண்டியதில்லை. தராசில் தட்டை வைத்த பிறகு திரையில் பூஜ்யம் வருகிறதா என்று பார்ப்பது எங்கேயும் நல்ல பழக்கம். சந்தேகம் வந்தால் சந்தை அலுவலகத்திலேயே மறு எடை போடச் சொல்லலாம்.

புதிதாகச் சந்தை கேட்கும் குடியிருப்புச் சங்கங்கள் முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். நகராட்சியிடம் சும்மா கிடக்கிறது என்பதற்காக ஊருக்கு ஒதுக்குப்புறமான மனையை வாங்கிக் கட்டினால் கொட்டகை நிற்கும், கூட்டம் வராது. காய்ச் சுமையோடு விவசாயி இறங்கும் அதிகாலைப் பேருந்து வாசலருகே நிற்க வேண்டும். இறக்கும் வழியும் வாங்குபவர் வழியும் தனித்தனியாக இருக்க வேண்டும். வாசலுக்கு வெளியே தள்ளுவண்டிகள் வரிசை கட்டினால் பாதிப் பேர் உள்ளே வரமாட்டார்கள். அங்கே பலகை விலையும் கிடையாது, அட்டையும் கிடையாது. அதற்காகத் தள்ளுவண்டிக்காரர்களை விரட்ட வேண்டியதில்லை, நூறடி தள்ளி நிரந்தர இடம் கொடுத்தால் போதும்.

கடை மேடை முழங்கால் உயரம் இருந்தால் குனிந்து எடுக்கலாம், மழைத் தண்ணீரும் சாக்கைத் தொடாது. கழிவுக்காயை அன்றன்றே அகற்ற ஆள் வேண்டும். மிஞ்சியதை வைக்கச் சின்னக் குளிர் அறை இருந்தால் கழிவே குறையும். எல்லாவற்றுக்கும் முன்னால் பெண்களுக்குத் தண்ணீர் வசதியோடு கழிப்பறை, விற்பனை தொடங்குவதற்கு முன்பே திறந்திருக்க வேண்டும். இருட்டோடு கிளம்பி வந்து மதியம் வரை உட்கார்ந்திருப்பவர்களில் பெண்களும் நிறையப் பேர். கட்டட வரைபடத்தில் அது எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கும் என்று அடிக்கல் நாட்டும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.