இரண்டு நாள் பாதுகாப்புப் பயிற்சி: எட்டு மாதம் கழித்து ஒரு மதிப்புரை

தகடு வெட்டி, அச்சில் அடித்து, வெல்டிங் செய்து கொடுக்கும் பட்டறை எங்களுடையது. 23 பேர், இரண்டு ஷிப்ட், தகட்டை அச்சில் வைத்து அடிக்கும் மூன்று பவர் பிரஸ். வேலையிடப் பாதுகாப்புப் பயிற்சி தரும் ஒரு சிறிய நிறுவனத்தை எட்டு மாதத்துக்கு முன் அழைத்தோம். முதலில் அரை நாள் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு இரண்டு நாள் பயிற்சி, அதன்பின் ஆவணங்கள், மூன்று மாதம் கழித்து ஒரு மறுபார்வை. நாங்கள் வாங்கிய சேவை இவ்வளவுதான். இதற்கெல்லாம் பணம் கொடுக்க வேண்டுமா என்று யோசிக்கும் சிறு முதலாளிகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஏன் அழைத்தோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒன்றரை வருடம் முன்பு எங்கள் ஹெல்பர் பையன் ஒருவனுக்கு வலது கை ஆள்காட்டி விரலின் நுனி போனது. டையில், அதாவது அச்சில், சிக்கிய துண்டை எடுக்க, மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் கையை உள்ளே விட்டான். மோட்டாரை நிறுத்தினாலும், பிரஸ்ஸை இயக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பக்கத்தில் நின்றவரின் கால் பெடலில் பட்டது. பிரஸ் ஒரே ஒரு அடி அடித்தது. நாங்கள் பதறிப்போய், துண்டான நுனியை நேராக ஐஸ்கட்டிக்குள் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினோம். ஒட்டவைக்க முடியவில்லை. அவன் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறான். ஸ்குரூவை அவன் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் பிடித்து மாட்டுவதைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு வயிறு பிசைகிறது.

விபத்து நடந்த கையோடு வேறொரு இடத்தில் இணையவழிப் பயிற்சி வாங்கினோம். வீடியோ ஓடும், கேள்வி வரும், தப்பாகச் சொன்னால் மறுபடியும் கேட்கும், சரியாகும்வரை அழுத்திக்கொண்டே இருக்கலாம். ஒரே மாலையில் 23 பேருக்கும் சான்றிதழ் வந்துவிட்டது. நான்கு பேருக்காக சூப்பர்வைசரே அழுத்தினார் என்பது பிறகு தெரிந்தது. அந்த வீடியோவில் காட்டிய மெஷின் ஒன்றுகூட எங்கள் பட்டறையில் இல்லை. அந்தச் சான்றிதழ்களை ஃபைலில் வைத்துவிட்டு, நம் கடமை முடிந்தது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். அதற்காக இப்போதும் வருத்தப்படுகிறேன்.

இந்த முறை வந்த பயிற்சியாளர், தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்த ஒரு அம்மா. சுற்றிப் பார்க்க வந்த அன்று முதலில் கேட்டது விபத்துப் பதிவேட்டை. திறந்தால் ஒரே ஒரு பதிவு. "ஒன்றரை வருடத்தில் இது ஒன்றுதானா சார்? கையில் ஒரு வெட்டு, கண்ணில் ஒரு பொறி, எதுவுமே நடக்கவில்லையா?" என்றார். எனக்குப் பதில் இல்லை. அவரே போய் ஆட்களிடம் தனித்தனியாகப் பேசிவிட்டு வந்தார். அன்று மாலை என் முன் ஒரு தாளை வைத்தார். பெயர் எதுவும் இல்லை, நடந்தது மட்டும்தான். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த தின்னரை ஒருவர் வாய்வரை கொண்டுபோயிருக்கிறார். கிரைண்டர் சக்கரம் உடைந்து காதருகே பறந்திருக்கிறது. டிரில்லிங் மெஷினில் கையுறை சுற்றிக்கொண்டு, நல்லவேளையாகக் கையுறை மட்டும் கிழிந்திருக்கிறது. மொத்தம் 14. "சொன்னால் முதலாளி சத்தம் போடுவார் என்று நினைக்கிறார்கள் சார்" என்று தணிந்த குரலில் சொன்னார். அது உண்மைதான். நான் சத்தம் போடுகிற ஆள்தான்.

முதல் நாளின் முதல் இரண்டு மணி நேரம் எனக்கும் இரண்டு சூப்பர்வைசர்களுக்கும் மட்டும். இந்தச் சேவையில் மிகச் சிறந்த பகுதி என்று நான் சொல்வது இதைத்தான். விரல் விபத்துக்குப் பிறகு என்னென்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னார். தடிமனான கையுறை வாங்கினோம், எச்சரிக்கைப் பலகை மாட்டினோம், எல்லோரையும் கூப்பிட்டு கவனமாக இருக்கச் சொன்னோம் என்று எழுதினேன். அவர் பலகையில் ஐந்து படிகள் வரைந்தார். ஆபத்தை அடியோடு நீக்குவது, அதற்குப் பதில் வேறொன்றை வைப்பது, ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவே தடுப்பு போடுவது, வேலை முறையை மாற்றிப் பயிற்சி தருவது, கடைசியாகக் கையுறை, கண்ணாடி போன்ற தற்காப்புப் பொருட்கள். மேலே போகப் போகப் பலன் அதிகம். நான் எழுதிய மூன்றும் கீழே உள்ள இரண்டு படிகளிலேயே விழுந்தன. அதிலும், பிரஸ் விழுந்தால் எந்தக் கையுறையும் விரலைக் காப்பாற்றாது.

"கை எதற்காக உள்ளே போக வேண்டும்? அதிலிருந்து ஆரம்பிப்போம்" என்றார். அப்போதுதான் எங்கள் மூத்த ஃபிட்டரைக் கூப்பிட்டோம். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "டைக்குப் பின்னால் ஒரு ஏர் நாசில் வைத்தால் துண்டு தானாகவே தெறித்து வெளியே விழும். நாலு வருடம் முன்னாலேயே சொன்னேனே அண்ணே." சொன்னார்தான். அன்று சரக்கு அனுப்பும் அவசரம். ஒரு நாள் மெஷினை நிறுத்த முடியாது என்று நான்தான் மறுத்தேன். அதை அந்த அறையில் எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்டேன். அந்த வாரக் கடைசியில் காற்றைப் பீய்ச்சும் அந்த நாசிலை வைத்தோம். ஒரு டைக்கு ஒன்றரை மணி நேர வேலை.

இன்னொரு விஷயத்தையும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறுபவர்கள் அதிகம். பிரஸ் முன்னால் ஒளித்திரை மாட்டினால் கை குறுக்கே வந்ததும் மெஷின் நின்றுவிடும் என்று ஒரு விற்பனையாளர் எங்களிடம் ஏற்கெனவே விலை சொல்லியிருந்தார். சுற்றும் ஃப்ளைவீலைப் பிரஸ்ஸோடு இணைப்பது கிளட்ச். எங்களுடையது பழைய வகை. ஒருமுறை பிடித்தால் முழுச் சுற்று முடிந்துதான் விடும். நடுவழியில் நிறுத்தவே முடியாத மெஷினுக்கு ஒளித்திரை மாட்டி என்ன பயன் என்று அந்த அம்மா கேட்டார். இதற்கு விரல் நுழையாத இடைவெளியுள்ள நிலையான காப்பு மூடிதான் பொருத்தம் என்றார். பெடலின் மேலே, தவறிக் கால் படாதபடி ஒரு உறையும் போடச் சொன்னார். இந்த ஒரு ஆலோசனையே கொடுத்த கட்டணத்துக்குச் சரியாகப் போய்விட்டது.

மதியம், ரிப்பேர் நடக்கும்போது யாரும் மெஷினை ஓடவிடாதபடி பூட்டும் பயிற்சி. ரிப்பேர் பார்க்கும் ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரே சாவி, பூட்டில் அவர் பெயர். மெயின் சுவிட்சை இறக்கி, பல பூட்டுகள் மாட்டக்கூடிய ஒரு கவ்வியைப் போட்டு, மூன்று பேர் மூன்று பூட்டை மாட்டினார்கள். "இப்போது கையை விடலாமா?" என்று கேட்டார். விடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் எதுவும் பேசாமல் ஃப்ளைவீலைக் காட்டினார். அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. முழுவதும் நிற்கும்வரை எங்களை அங்கேயே நிற்க வைத்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. யாரும் பேசவில்லை. அந்தப் பையன் எனக்கு இரண்டு ஆள் தள்ளி நின்று சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சக்கரம் நின்றபிறகு, மேலே இருக்கும் ராம், அதாவது தகட்டை அடிக்கும் பாகம், கீழே இறங்காதபடி முட்டுக்கட்டை வைக்கச் சொன்னார். அப்புறம் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்கச் சொன்னார். ஓடவில்லை என்று கண்ணால் பார்த்தபிறகுதான் கை உள்ளே போகலாம்.

முதலுதவி வகுப்பில் துண்டான விரலைப் பற்றியும் சொன்னார். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பையில் மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். ஐஸ் நேராகப் பட்டால் தசை உறைந்து கெட்டுவிடும். நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாளில் தீயணைப்பான், ஏணி, ரசாயன லேபிள் எல்லாம் வழக்கம்போல் நன்றாகவே போயின. பின்கதவு விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்கிறேன். திருட்டுப் பயத்தால் அதைப் பூட்டியே வைத்திருந்தோம். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது கதவு பூட்டியிருந்ததால் வெளியேற முடியாமல் தவித்தவர்களைப் பற்றியும், அன்று 146 பேர் இறந்ததைப் பற்றியும் சொன்னார். வெளியிலிருந்து திறக்க முடியாது, உள்ளிருந்து தள்ளினால் உடனே திறக்கும் என்ற வகைக் கதவை அந்த மாதமே போட்டுவிட்டோம்.

ஒலியையும் அளந்தார்கள். பிரஸ் பக்கம் 91 டெசிபல். எட்டு மணி நேரத்துக்கு 85 என்று வைத்து, மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரத்தைப் பாதியாக்கும் கணக்கில் பார்த்தால், காதடைப்பு இல்லாமல் அங்கே இரண்டு மணி நேரம்தான் நிற்கலாம். சில சட்டங்கள் ஐந்து டெசிபலுக்கு ஒருமுறைதான் பாதியாக்குகின்றன. உங்களுக்குப் பொருந்தும் சட்டம் எது என்று பாருங்கள், ஆனால் காதுக்குச் சட்டம் தெரியாது என்றார் அந்த அம்மா. துண்டுகள் விழும் இரும்புத் தொட்டிக்குள் ரப்பர் விரித்ததிலேயே சத்தம் கணிசமாகக் குறைந்தது.

குறைகளும் உண்டு. முதலாவது ஆவணங்கள். வேலையிடப் பாதுகாப்புக்காக 2018இல் வந்த ஐஎஸ்ஓ 45001 என்ற சர்வதேசத் தரத்தை ஒட்டி ஒரு தடித்த ஃபைல் கொடுத்தார்கள். பாதிக்குமேல் பெரிய ஆலைகளுக்கு எழுதியது. நாங்கள் தொடவே தொடாத ரசாயனங்களுக்கெல்லாம் பக்கங்கள் இருந்தன. என் சூப்பர்வைசரால் அதை நிரப்ப முடியவில்லை. கடைசியில் ஒரு மெஷினுக்கு ஒரு தாள் என்று நாங்களே சுருக்கி எழுதிக்கொண்டோம். அதை அவர்கள் செய்து கொடுத்திருக்க வேண்டும். இரண்டாவது, இரவு ஷிப்ட் முடித்தவர்களைப் பகல் வகுப்பில் உட்கார வைத்தது. எட்டு பேரும் தூக்கத்தில் சாய்ந்தார்கள். களைப்பும் ஒரு ஆபத்து என்று பாடம் எடுப்பவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும். கேட்டபிறகு ஒரு இரவு வந்து மறுபடி எடுத்தார்கள், அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் எழுத்துத் தேர்வு. எங்கள் மூத்த வெல்டருக்கு வாசிக்க வராது. 20 வருடம் வேலை தெரிந்த மனிதர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் எழுந்துபோய்ச் சொன்னபிறகு அவரைச் செய்து காட்டச் சொன்னார்கள். பூட்டுப் போடுவதிலிருந்து ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பதுவரை ஒரு படி விடாமல் செய்தார். எல்லோருக்குமே தேர்வு அப்படித்தான் இருக்க வேண்டும்.

சட்ட விஷயத்தில் அந்த அம்மா நேர்மையாக இருந்தார். பயிற்சிக்குத் தங்களைக் கூப்பிட்டதால் பொறுப்பு தங்களிடம் வந்துவிடாது, அது முதலாளியிடம்தான் இருக்கும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தொலைந்த பாதுகாப்புக் கண்ணாடிக்குச் சம்பளத்தில் பிடிக்கும் பழக்கம் எங்களிடம் இருந்தது. பாதுகாப்புக்கான செலவு எதுவும் தொழிலாளி தலையில் விழக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் வருட 155ஆவது ஒப்பந்தமே சொல்கிறது என்று எடுத்துக் காட்டினார். அந்த மாதச் சம்பளத்திலிருந்தே பிடித்தத்தை நிறுத்தினோம். பழையதையும் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தோம்.

அவரை மறுபடி கூப்பிடுவேனா என்றால், கூப்பிடுவேன். ஃபைலை மட்டும் முன்கூட்டியே பேசி, என் மெஷின்களுக்கு ஏற்றபடி எழுதித் தரச் சொல்வேன். சான்றிதழ் மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்தச் சேவை நீளமாகத் தெரியும். ஆட்கள் பேசும்போது நீங்களும் உட்கார்ந்து கேட்கத் தயார் என்றால் கூப்பிடுங்கள்.

தப்பிய விபத்துகளை எழுத இப்போது தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. முதல் மாதம் மூன்று பதிவு, இதுவரை 41. போன வாரம் காலையில் அந்தப் பையனின் கையெழுத்தில் ஒரு வரி: "இரண்டாவது பிரஸ் பெடல் உறையில் ஒரு போல்ட் லூசாக இருக்கிறது." லாரி வாசலில் நின்றது. மெஷினை நிறுத்தி, மூன்று பூட்டு போட்டு, போல்ட்டை மாற்றினார்கள். லாரி மறுநாள் போனது.