'டிராக் பேக்கேஜ்' என்று பணம் கேட்டால் உஷார்

எஸ்டீம், ஸென், சிட்டி என்று ஏதாவது ஒரு பழைய காரை வாங்கி ஆட்டோகிராஸ் (கோன் வைத்த பாதையில் நேரம் பார்த்து ஓட்டுவது), டிராக் டே (ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள்) என்று இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் எஸ்டீமை டிராக்குக்குத் தயார் செய்து தருவதாகச் சொல்லி, சென்னையில் ஒரு ஒர்க்‌ஷாப் என்னை நன்றாக மொட்டையடித்தது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை.

பேக்கேஜில் பிரேக் பேட், டாட் 4 தர பிரேக் ஆயில், சஸ்பென்ஷன் புஷ், ரோல் கேஜ் (கார் உருண்டால் உள்ளே இருப்பவரைக் காக்கும் கம்பிக் கூண்டு) எல்லாம் அடக்கம் என்றார்கள். வண்டி பளபளவென்று வந்தது. பிரேக் பேடை அழுத்தும் காலிப்பருக்குச் சிவப்பு பெயின்ட் வேறு.

கோன் வைத்து ஓட்டிய ஆட்டோகிராஸில் ஒன்றும் தெரியவில்லை. அங்கே ஒரு ரன் என்பது பிரேக் சரியாகச் சூடாவதற்குள் முடிந்துவிடும். சென்னைக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் அப்படியில்லை. ஒரு லேப் சுமார் 3.7 கிலோமீட்டர், முழு வேகத்தில் போய்த் திரும்பத் திரும்ப பிரேக் அடிக்க வேண்டும். சில லேப்பிலேயே பெடல் மெத்தென்று இறங்கித் தரையைத் தொட்டுவிட்டது. பம்ப் பண்ணிப் பண்ணி எப்படியோ பிட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கிருந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். பழைய பிரேக் ஆயிலை வெளியேற்றத் திறக்கும் ப்ளீடர் நிப்பிளைச் சுற்றித் துரு அப்படியே இருந்தது, அதன் மேலேயே பெயின்ட். "தம்பி, இதுல ஸ்பேனரே பட்டதில்ல" என்றார். திறந்ததும் டிகாஷன் நிறத்தில் ஆயில் வழிந்தது. மேலே ரிசர்வாயரில் மட்டும் பழசை உறிஞ்சிவிட்டுப் புதுசு ஊற்றியிருக்கிறார்கள். மூடியைத் திறந்து பார்ப்பவருக்குத் தெளிவாகத்தான் தெரியும்!

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய ஆயில் 155 டிகிரி சுமாருக்கே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், பெடல் இறங்கும், கார் நிற்காது.

ரோல் கேஜ் இதைவிட மோசம். பெயின்டைச் சுரண்டினால் துத்தநாகப் பூச்சு தெரிந்தது: வீட்டுத் தண்ணீர் லைனுக்குப் போடும் ஜி.ஐ. பைப். உலக கார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி அது தையல் இல்லாத கார்பன் ஸ்டீல் குழாயாக இருக்க வேண்டும். மெயின் வளைவு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன், அல்லது 50-க்கு 2. காலடியில் 3 மில்லிமீட்டர் பிளேட் வைத்துத்தான் பாடியில் பிடிக்க வேண்டும். என் வண்டியில் பைப்பை நேராகத் துருப்பிடித்த ஃப்ளோரிலேயே ஒட்டவைத்திருந்தார்கள். கார் உருண்டால் பைப் தகரத்தைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும். உண்மையில் டிராக் டேக்குப் புதிதாக வருபவருக்கு கேஜே தேவையில்லை. அதே காரை ஹெல்மெட் இல்லாமல் ரோட்டில் ஓட்டினால், சின்ன மோதலிலேயே தலை அந்தக் கம்பியில்தான் இடிக்கும்.

பழைய காருக்கு முதலில் வேண்டியது நல்ல பேட், புது பிரேக் ஆயில், வெடிக்காத கூலன்ட் ஹோஸ், கெட்டியாகாத டயர், அவ்வளவுதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயவில்லையே என்று வாங்கிவிடாதீர்கள். பிரேக் ப்ளீட் செய்யும்போது (பழைய ஆயிலை வெளியேற்றும்போது) பக்கத்திலேயே நில்லுங்கள், கழற்றிய பாகங்களைக் கையில் கேட்டு வாங்குங்கள். பில்லைப் பாகம் பாகமாகப் போடச் சொல்லுங்கள். என் பில்லில் 'டிராக் பேக்கேஜ்' என்று ஒரே வரிதான். எதைச் செய்யவில்லை என்று கேட்டாலும், "அது பேக்கேஜில் இல்லை சார்" என்கிறார்கள்.

அப்புறம், "ஏதாவது ஆனா இன்சூரன்ஸ் பாத்துக்கும் சார்" என்றும் சொன்னார்கள். நம்பாதீர்கள். நம் ஊர் மோட்டார் பாலிசிகளில் ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் கவரேஜ் கிடையாது என்று தெளிவாகவே போட்டிருக்கும். டிராக் டேக்குப் பணம் கட்டும் முன் உங்கள் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.