வார்மின்ஸ்டர் மேரிஸ் ஆட்டர் மால்ட், 25 கிலோ மூட்டை: வீட்டில் பீர் காய்ச்சுபவளின் மதிப்புரை

பீர் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் ஹாப்ஸுக்குத்தான், கசப்பும் மணமும் தரும் அந்தப் பூவுக்குத்தான் போகிறார்கள். எந்த நாட்டு ஹாப்ஸ், எத்தனை கிராம், எப்போது போட்டது என்று மணிக்கணக்கில் ஓடும் பேச்சு. மால்ட்டைப் பற்றிக் கேட்டால் "ஏதோ பேல் மால்ட்" (வெளிர்நிற மால்ட்) என்று முடித்துவிடுவார்கள். பீரின் நிறம், உடல் (வாயில் தெரியும் கனம்), நுரை, சாராயம், வாயில் தங்கும் சுவை என்று பெரும்பகுதியும் அந்த "ஏதோ"விலிருந்துதான் வருகிறது. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. அதனால்தான் ஒரு மால்ட் மூட்டைக்கு மட்டும் தனியாக மதிப்புரை எழுதுகிறேன்.

மூட்டை எது என்றால், வார்மின்ஸ்டர் மால்டிங்ஸின் மேரிஸ் ஆட்டர் பேல் மால்ட். நான் இருப்பது பிரிஸ்டலில், மால்ட் தயாராகும் இடம் பக்கத்து வில்ட்ஷையரில். பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்ச 1963-லிருந்து உரிமம் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் வீட்டில் காய்ச்சச் சட்டம் இடம் கொடுக்காது. அங்கிருந்து படிப்பவர்கள் பீருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் படியுங்கள்.

மால்ட் என்பது முளைக்கவைத்து, சரியான நேரத்தில் முளையை நிறுத்திக் காயவைத்த பார்லி. பச்சை பார்லியில் மாவுச்சத்து நிறைய இருக்கிறது, ஆனால் ஈஸ்ட்டால் அதைத் தொட முடியாது. ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை வேண்டும். மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகளை விதை முளைக்கும்போதுதான் தயார் செய்கிறது, தன் குருத்துக்குச் சாப்பாடு போட. நாம் நடுவில் புகுந்து அந்தச் சாப்பாட்டை எடுத்துக்கொள்கிறோம். நம் வீடுகளில் குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து அரைத்துக் கஞ்சி காய்ச்சுவது இதே விஷயம்தான். முளைகட்டாத மாவில் கஞ்சி கெட்டிப்படும், முளைகட்டிய மாவில் இளகி வரும், லேசாக இனிக்கும். அமைலேஸ் என்ற நொதி செய்கிற வேலை அது.

அமைலேஸ் எனக்குத் தினசரிப் பழக்கம். நான் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கணையம் வீங்கி வருபவர்களின் இரத்தத்தில் நாங்கள் அளப்பது ஆல்பா அமைலேஸ். முளைக்கும் பார்லியில் உருவாவதும் அந்தக் குடும்பத்து நொதிதான். உலகில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட நொதியே மால்ட்டிலிருந்து வந்ததுதான். 1833-ல் பிரான்ஸில் பாயன், பெர்சோ என்ற இரண்டு வேதியியலாளர்கள் அதைப் பிரித்தெடுத்து டயாஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். என் தொழிலின் ஒரு பகுதி பீர் மூட்டையிலிருந்து தொடங்கியது என்று தெரிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

சரி, மூட்டைக்கு வருகிறேன். இதன் சிறப்பு இரண்டு: எந்த ரக பார்லி என்பது ஒன்று, எப்படி முளைக்கவைத்தார்கள் என்பது இன்னொன்று.

மேரிஸ் ஆட்டர் 1960-களில் கேம்பிரிட்ஜ் தாவரப் பெருக்க நிலையத்தில் ஜி.டி.எச். பெல் குழுவினர் உருவாக்கிய ரகம். பிராக்டர், பயனியர் என்ற இரண்டு ரகங்களின் கலப்பு. இங்கே சிப்ஸுக்கென்றே வாங்குகிற மேரிஸ் பைப்பர் உருளைக்கிழங்கும் அதே நிலையத்தில் பிறந்ததுதான். மேரிஸ் ஆட்டர் இலையுதிர் காலத்தில் விதைத்து அடுத்த கோடையில் அறுக்கும் பார்லி. குளிர்கால விதைப்பில் நல்ல மால்ட் தரும் பார்லி கிடைப்பது அப்போது பெரிய விஷயம். மது ஆலைகள் கொண்டாடின. பிறகு அதிக விளைச்சல் தரும் புது ரகங்கள் வந்தன, இதன் விதையும் கலப்படமாகித் தரம் கெட்டது. 1989-ல் விவசாயிகளுக்கான பரிந்துரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பொதுவாக ஒரு ரகத்தின் கதை அங்கே முடிந்துவிடும். இதை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் ராபின் ஆப்பல், எச். பேனம் என்ற இரண்டு தானிய வணிக நிறுவனங்கள். விதையைச் சுத்தப்படுத்தி, ஒப்பந்தம் போட்டு விவசாயிகளிடம் மறுபடி பயிரிடச் செய்தார்கள். ஏக்கருக்கு மகசூல் குறைவு என்பதால் விவசாயிக்குக் கூடுதல் விலை தரவேண்டும், அது மூட்டை விலையில் தெரிகிறது. எனக்கு அதில் புகார் இல்லை.

அடுத்தது தளம், அதாவது பார்லியைப் பரப்பி முளைக்கவைக்கும் தரை. வார்மின்ஸ்டர் மால்டிங்ஸ் 1855-லிருந்து நடக்கிறது. எட்வின் ஸ்லோப்பர் பீவன் என்ற பார்லி ஆராய்ச்சியாளர் இந்த மால்டிங்ஸை நடத்தியவர். பிளமேஜ் ஆர்ச்சர் என்ற புகழ்பெற்ற ரகத்தை உருவாக்கியவர் அவர்தான். இடையில் பல வருடங்கள் கின்னஸ் பீர் நிறுவனத்தின் கையில் இருந்தது. இன்றும் அங்கே பழைய முறைதான். சுமார் 12 சதவீத ஈரம் உள்ள பார்லியை ஊறவைத்து, நடுவில் நீரை வடித்து மூச்சுவிட வைத்து, 45 சதவீதம் வரை ஈரமேற்றுவார்கள். பிறகு தாழ்ந்த கூரையுள்ள நீளமான அறையின் தரையில் பரப்புவார்கள். நான்கைந்து நாள் அது முளைக்கும். முளைக்கிற தானியம் தானே சூடாகும், வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாயாகிவிடும். ஆட்கள் கையால் கிளறிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். சூடு ஏறினால் பரப்பை மெல்லியதாக்குவது, இறங்கினால் குவிப்பது, ஜன்னலைத் திறப்பது, மூடுவது எல்லாம் ஆள் பார்த்துச் செய்வது. பெரிய ஆலைகளில் இதே வேலையை உருளைகளும் காற்றுப் பெட்டிகளும் செய்கின்றன, மோசமாகச் செய்வதுமில்லை.

கடைசியில் சூளை. முதலில் மிதமான சூட்டில் ஈரத்தை விரட்டிவிட்டு, பிறகுதான் சூட்டை ஏற்றுவார்கள். ஈரமாக இருக்கும்போது அதிகச் சூடு காட்டினால் நொதிகள் செத்துவிடும், காய்ந்தபின் அதே சூட்டைத் தாங்கும். வெளிர்நிற லாகர் பீருக்கான மால்ட்டைவிட பேல் மால்ட்டுக்குச் சூடு கொஞ்சம் கூடுதல். இந்த மூட்டையைத் திறந்ததும் வரும் வாசனை அந்தக் கூடுதலில் பிறந்தது.

ஒரு பிடி எடுத்து மெல்லுங்கள். நான் எந்த மால்ட் வாங்கினாலும் முதலில் செய்வது இதுதான். நல்ல மால்ட் பல்லில் படும்போது சட்டென உடையவேண்டும். நமத்திருந்தால் ஈரம் ஏறிவிட்டது. கல்லாகக் கடிபட்டால் உள்ளே சரியாக முளைக்கவில்லை, செல்சுவர்கள் கரையாமல் நிற்கின்றன, மாஷில் (வெந்நீரில் மால்ட் ஊறும் கலவையில்) பசையாகித் தொல்லை கொடுக்கும். வார்மின்ஸ்டர் மூட்டையில் மணிகள் ஒரே சீராக உடைகின்றன. மாவு வெள்ளையாக, நாக்கில் இனிப்பாக விரிகிறது. குப்பை, உடைந்த மணி, ஒட்டிக்கொண்ட வேர் எல்லாம் மிகக் குறைவு.

நான் அடிக்கடி காய்ச்சுவது பெஸ்ட் பிட்டர் என்ற சாதாரண ஆங்கிலேய பீர். 23 லிட்டருக்கு இந்த மால்ட் 4.5 கிலோ, கேரமல் சுவை தரும் கிறிஸ்டல் மால்ட் கொஞ்சம், ஹாப்ஸில் "ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ்" என்ற ரகம் மட்டும். 73 டிகிரி வெந்நீரில் நொறுக்கிய மால்ட்டைக் கொட்டிக் கிளறினால் 66-ல் வந்து நிற்கும். அந்த 66 சும்மா ஒரு எண் இல்லை. பீட்டா அமைலேஸ் 60 முதல் 65-க்குள் சுறுசுறுப்பாக மால்டோஸ் சர்க்கரையை வெட்டித் தரும், ஆல்பாவுக்கு 70 பக்கம்தான் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினால் ஈஸ்ட் சாப்பிடும் சர்க்கரையும் கிடைக்கும், அது சாப்பிடாமல் பீருக்கு உடம்பாக நிற்கும் பெரிய சர்க்கரைகளும் கிடைக்கும். ஒல்லியான பீர் வேண்டுமா, 64-க்கு இறக்குங்கள். திடமாக வேண்டுமா, 68. ஒரே மூட்டையிலிருந்து இரண்டு வேறு பீர்.

நடுநடுவே ஒரு சொட்டு எடுத்து அயோடின் விட்டுப் பார்ப்பேன். ஆய்வகப் பழக்கம், விடாது. கருநீலமானால் மாவுச்சத்து மிச்சம் இருக்கிறது, பழுப்பாகவே நின்றால் முடிந்தது. இந்த மால்ட்டில் பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்குள் பழுப்பாகிவிடுகிறது.

வடிப்பதிலும் இது நல்ல பிள்ளை. பார்லியின் உமிதான் வடிகட்டி. கோதுமையில் உமி ஒட்டியிருக்காது, அதனால்தான் கோதுமை அதிகம் போட்டால் மாஷ் அடைத்துக்கொள்ளும். மேரிஸ் ஆட்டரின் உமி முழுசாக நின்று படுகை போடுகிறது. முதலில் வரும் கலங்கலைத் திருப்பி ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் தேன் நிறத்தில் தெளிவாக ஓடத் தொடங்கும்.

விளைச்சல் கணக்கும் சொல்லிவிடுகிறேன். நல்ல பேல் மால்ட் ஒரு கிலோவில் சுமார் 300 லிட்டர்-டிகிரி (ஒரு லிட்டரின் அடர்த்தியை எத்தனை புள்ளி ஏற்றும் என்ற அளவு) சத்து இருக்கும். நாலரைக் கிலோவுக்கு 1350. வீட்டுக் கருவியில் முக்கால் பங்கு கைக்கு வந்தால் சுமார் 1010. அதை 23-ஆல் வகுத்தால் 44, அதாவது அடர்த்திமானியில் 1.044. புளித்து 1.010-ல் நின்றால் சாராயம் நாலரை சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. எனக்கு ஒவ்வொரு தடவையும் இதன் அருகிலேயே வருகிறது. ஒரு மால்ட்டிடம் நான் முதலில் எதிர்பார்க்கும் குணம் இந்த நம்பகம்தான்.

சுவை? பிஸ்கட், லேசாகக் கொட்டைப் பருப்பு, விழுங்கியபின் இனிப்பில்லாத ஒரு முழுமை. என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண் முதல் வாய் குடித்துவிட்டு, "அக்கா, இதிலை பிஸ்கட் வாசம் வருது, நீங்கள் ஏதும் போட்டனீங்களோ?" என்று கேட்டாள். ஒன்றும் போடவில்லை. எந்தக் குறிப்பும் கொடுக்காமல் அவளிடம் கொடுத்தது அது. அதே செய்முறையில் மலிவான சாதாரண பேல் மால்ட் போட்டுக் காய்ச்சிய பாட்டிலையும் பக்கத்தில் வைத்தேன். அது சுத்தமாக, குறையில்லாமல்தான் இருந்தது. ஆனால் ஹாப்ஸின் கசப்பு போனதும் வாயில் ஒன்றும் மிஞ்சவில்லை.

வணிக பீரில் இதைச் சுவைக்க வேண்டுமென்றால் நார்ஃபோக்கில் உள்ள வுட்ஃபோர்ட்ஸ் ஆலையின் "வெரி" என்ற பீரைக் குடித்துப் பாருங்கள். மேரிஸ் ஆட்டரில் காய்ச்சுவது, 1996-ல் பிரிட்டனின் சாம்பியன் பீர் பட்டம் வாங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க திமோதி டெய்லர் ஆலையின் "லேண்ட்லார்ட்" பீர். அது ஸ்காட்லாந்தில் பேர்பெற்ற கோல்டன் பிராமிஸ் என்ற ரகத்தில். காமா கதிர் பாய்ச்சி உருவாக்கிய பார்லி அது. இன்னும் மிருதுவான, கொஞ்சம் இனிப்பான பீர் தரும். அதிலும் எனக்கு ஆசை உண்டு, ஆனால் பிட்டருக்கு என் கை மேரிஸ் ஆட்டருக்குத்தான் போகிறது.

எங்கே இது வீண் செலவு என்றும் சொல்லவேண்டும். ஹாப்ஸைக் கொட்டிக் காய்ச்சும் ஐ.பி.ஏ.வில் இந்த நுணுக்கம் அடிபட்டுப் போகும். வறுத்த பார்லி போட்ட ஸ்டௌட்டிலும் அப்படித்தான், கருகல் வாசனை எல்லாவற்றையும் மூடிவிடும். அவற்றுக்குச் சாதாரண பேல் மால்ட் தாராளமாகப் போதும். லாகருக்கு இந்த பிஸ்கட் மணமே இடைஞ்சல், பில்ஸ்னர் மால்ட் வாங்குங்கள். அரிசி சேர்த்துக் காய்ச்ச நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இதன் நொதிகள் தன் மாவோடு வெந்த அரிசி கொஞ்சத்தையும் சமாளிக்கும். ஆனால் அரிசி சுவையைத் தணிக்கத்தான் செய்யும். நல்ல மால்ட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு அதைத் தணிப்பானேன்?

தளத்தில் முளைக்கவைத்ததா, ஆலையில் முளைக்கவைத்ததா என்பதில் எனக்குத் தெரிகிற வித்தியாசம் சிறியது. ரகத்தால் வரும் வித்தியாசம்தான் பெரியது. கையில் காசு குறைவென்றால் ஆலையில் செய்த மேரிஸ் ஆட்டர் வாங்குங்கள், ஏமாற்றமிருக்காது. நான் வார்மின்ஸ்டருக்குக் கொடுக்கும் கூடுதல், அந்தத் தளம் தொடர்ந்து நடக்கவேண்டும் என்பதற்கும் சேர்த்து.

விலை பற்றி ஒரு கணக்கு. சாதாரண மூட்டையைவிட 10 பவுண்டு கூடுதல் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மூட்டையில் ஐந்து காய்ச்சலுக்கு மேல் வரும், ஒவ்வொன்றிலும் 40 பைன்ட். பைன்ட்டுக்கு 5 பென்ஸ்கூடக் கூடாது.

வாங்கும்போது முழு மணியாக வாங்குங்கள். கடையில் நொறுக்கித் தரச் சொல்லி ஒருமுறை வாங்கினேன். மாவாகவே அரைத்து அனுப்பிவிட்டார்கள், உமி தூளாகிப் படுகையே அமையாமல் மாஷ் அடைத்துக்கொண்டு அரை நாள் போனது. நொறுக்கிய தேதியும் பையில் இல்லை. மால்ட்டின் குற்றமில்லை அது. சின்ன உருளை அரவை ஒன்று வாங்கி, இடைவெளியை 1.1 மில்லிமீட்டர் பக்கம் வைத்தால் மணி நாலைந்து துண்டாக உடையும், உமி பிழைக்கும். மாவு அரைக்கும் மிக்ஸி வேண்டவே வேண்டாம்.

மூட்டையைத் திறந்ததும் காற்றுப்புகாத வாளிகளுக்கு மாற்றிவிடுங்கள், இங்கத்திய கராஜ் ஈரத்தில் காகித மூட்டை தாங்காது. குளிர்ச்சியாகவும் உலர்வாகவும் வைத்தால் முழு மணி ஒரு வருடம் நிற்கும், நொறுக்கினால் இரண்டு மூன்று மாதம்தான். முதல் தடவை என்றால் 25 கிலோ வேண்டாம். ஐந்து கிலோ வாங்கி, கிறிஸ்டல்கூடப் போடாமல், இது ஒன்றை மட்டும் வைத்து ஒரு பிட்டர் காய்ச்சிப் பார்த்துவிட்டு அப்புறம் மூட்டை வாங்குங்கள்.