கழுதையும் காவல் நாயும்: எட்டு ஆண்டு அனுபவம்

ஒரே இரவில் ஆறு குட்டிகள் போன பிறகுதான் செம்மறிகளுக்குக் காவலாக ஒரு விலங்கு வைக்கத் தோன்றியது. அது நடந்து எட்டு ஆண்டு ஆகிறது. இதுவரை ஒரு கழுதையும் மூன்று நாய்களும் வைத்துப் பார்த்தாயிற்று.

முதலில் வந்தது பெட்டைக் கழுதை. நாயோ நரியோ, அந்த இனமே கழுதைக்கு ஆகாது. கண்டால் கத்திக்கொண்டே துரத்தும், கிட்டே சிக்கினால் கடிக்கும், மிதிக்கும். ஆட்டைக் காப்பாற்றும் எண்ணத்தில் செய்கிறது என்று சொல்ல மாட்டேன். தான் மேய்கிற இடத்தில் நாய் நிற்பதை அதனால் பொறுக்க முடியாது, அவ்வளவுதான். ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாது, இரண்டும் ஜோடி சேர்ந்து ஆட்டை விட்டுவிடும். காயடிக்காத ஆண் கழுதை வேண்டவே வேண்டாம், ஆட்டையே கடித்துக் குதறும். குட்டி ஈனும் நாட்களில் பெட்டையையும் பிரித்துக் கட்டுவோம். இன்னொன்று, மாட்டுக்கும் கோழிக்கும் போடும் சில தீவனங்களில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். கழுதைக்கு அது உயிரையே எடுக்கும் நஞ்சு.

மூன்று ஆண்டு நரித் தொல்லையே இல்லை. நான்காம் ஆண்டு ஐந்து தெருநாய்கள் கூட்டமாக வந்தன. கழுதை ஒன்றைத் துரத்திக்கொண்டு ஓடியது, மற்ற நான்கும் மந்தைக்குள் புகுந்துவிட்டன. கழுதைக்கும் பின்தொடையில் ஆழமான கடி. அதைக் குறை சொல்லி என்ன பயன்? ஆட்டைத் தூக்குவது எது, தனியாக வருகிறதா கூட்டமாக வருகிறதா என்று பார்த்துத்தான் காவலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டத்துக்கும் சிறுத்தைக்கும் ஒற்றைக் கழுதை தாங்காது.

அப்புறம்தான் நாய். மந்தையை ஓட்டும் நாய் வேறு, காக்கும் நாய் வேறு. பார்டர் கோலி ஆட்டை வளைத்து ஓட்டப் பிறந்தது, அதைக் காவலுக்கு விட்டால் ஆடு ஓடியே களைத்துப்போகும். அனடோலியன் ஷெப்பர்ட், மரெம்மா, கிரேட் பைரனீஸ் போன்றவை ஆட்டோடு ஆடாகப் படுத்துக் கிடக்கும். நமீபியாவில் சிவிங்கிப்புலிகளைக் காக்கும் அமைப்பான சீட்டா கன்சர்வேஷன் ஃபண்ட் 1994 முதல் ஆடு வளர்ப்பவர்களுக்கு இப்படிப்பட்ட நாய்களைக் கொடுத்து வருகிறது. ஆடு பிழைத்தால் சிவிங்கிப்புலியைச் சுட வேண்டிய தேவை இல்லை. எங்களை நாய்ப் பக்கம் திருப்பியது இந்தச் செய்திதான்.

முதல் நாய்க்குட்டியை வீட்டுக்குள் வைத்துக் கொஞ்சி வளர்த்தோம். இன்றுவரை அது வாசலைத்தான் காக்கிறது, ஆட்டுப் பக்கம் போவதில்லை. அடுத்த இரண்டையும் எட்டு வார வயதிலேயே கொட்டகையில் விட்டோம். பதினாறு வாரம் வரை யாரோடு புழங்குகிறதோ அவர்களையே குட்டி தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு பழக்குவது பெரும்பாடு. எங்களைப் பார்த்தால் வாலாட்ட வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும், அதோடு சரி.

ஒன்பதாம் மாதம் சோதனை தொடங்கியது. விளையாட்டுக்காக ஆட்டுக்குட்டிகளைத் துரத்தியது ஒன்று, ஒரு குட்டியின் காதைக் கடித்து ரத்தம் பார்த்தது மற்றொன்று. நாய் கெட்டுவிட்டது என்று பலர் விற்றுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். தயவுசெய்து விற்காதீர்கள். அது பிள்ளைப் பருவம், ஏறக்குறைய இரண்டு வயது வரை இருக்கும். இளங்குட்டிகளை ஒதுக்கி, முட்டுகிற கிழ ஆடுகளோடு விட்டோம். நாங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் நீளக் கயிற்றில் குட்டிகளிடம் கொண்டுபோனோம். பொறுமை போய் அழுகையே வந்த நாட்கள் உண்டு.

இப்போது இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. சத்தம் கேட்டால் ஒன்று வேலிக்கு ஓடும், மற்றது மந்தையை விட்டு நகராது. சண்டை அபூர்வம். குரைப்பும் வேலியோரம் விட்டுவைக்கிற மூத்திர வாடையுமே பெரும்பாலும் போதுகிறது. ராத்திரி முழுக்கக் குரைக்கும், அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கழுதை தனி வேலிக்குள் கிடாக்களோடு இருக்கிறது. எங்கள் நாய்களையும் அது சேர்த்துக்கொள்ளவில்லை.

இரண்டு ஆண்டாக ஒரு குட்டிகூடப் போகவில்லை. போன மாதம் விடியற்காலையில் ஓர் ஆடு ஈன்றது. நான் போய்ப் பார்த்தபோது, காது கடித்த அதே நாய், கீழே கிடந்த நஞ்சுக்கொடியைச் சுத்தமாகத் தின்று முடித்துவிட்டு, குட்டிக்கு ஐந்தடி தள்ளி, வேலியைப் பார்த்தபடி படுத்திருந்தது.