டிபிகேஜி: டெபியனில் எது நிறுவப்பட்டிருக்கிறது என்று பார்க்க

டிபிகேஜி என்பது லினக்ஸ் வகைகளான டெபியன், உபுண்டு இரண்டிலும் கூடவே வரும் கருவி; எந்தெந்த மென்பொருள் தொகுப்புகள் நிறுவப்பட்டிருக்கின்றன என்று காட்டும். இணையம் தேவையில்லை, ரூட் (நிர்வாகி) அனுமதியும் வேண்டாம். டெர்மினலில் 'டிபிகேஜி' (dpkg) என்று அடித்து இடைவெளி விட்டு, சிறு கோட்டுடன் சின்ன 'எல்' சேர்த்தால் முழுப் பட்டியலும் ஓடும்.

பலர் தடுமாறுவது பட்டியலின் முதல் நெடுவரிசையில்தான். அங்கே 'ஐஐ' (ii) என்றால் ஒழுங்காக நிறுவப்பட்டது. 'ஆர்சி' (rc) என்றால் நீக்கியாகிவிட்டது, அமைப்புக் கோப்புகள் மட்டும் மிச்சம். இதைக் கவனிக்காமல் வரிகளை எண்ணினால் கணக்கு எகிறும். மிச்சத்தையும் துடைக்க 'பர்ஜ்' (purge) கட்டளை கொடுக்க வேண்டும்.

இந்தப் பட்டியல் டெர்மினல் அகலத்துக்கேற்ப மாறும்; கண்ணால் பார்க்கச் சரி, ஸ்கிரிப்டுக்கு உதவாது. அங்கே கூடவே வரும் 'டிபிகேஜி-கொயரி'யை (dpkg-query), சிறு கோட்டுடன் பெரிய 'டபிள்யூ' சேர்த்து ஓட்டுங்கள்: பெயர், டேப், பதிப்பு, அவ்வளவுதான். ஆனால் 'ஆர்சி' வகையும் இதில் சத்தமில்லாமல் சேர்ந்துவரும். 'ஐஐ', 'ஆர்சி' போன்ற நிலைக்குறியையும் அச்சிடச் சொல்லி வடிகட்டுங்கள்.

ஒரு கோப்பு எந்தத் தொகுப்புக்குச் சொந்தம் என்று டிபிகேஜியுடன் பெரிய 'எஸ்' சேர்த்தால் சொல்லும். பெரிய 'வி' சேர்த்தால், கோப்புகள் மாறியிருக்கின்றனவா என்று செக்சம் வைத்துச் சரிபார்க்கும். எதுவும் அச்சாகவில்லை என்றால் நல்ல செய்தி.

பெரிய குறை: ஸ்னாப், ஃபிளாட்பேக், பிப் போன்ற வேறு நிறுவும் கருவிகள் வழியாக வந்தவை இதன் கண்ணிலேயே படாது. அவற்றைத் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.