வாசல் சரிவுக்கு எது: பேவர் பிளாக்கா, கல் தெரியும் கான்கிரீட்டா?

வடசென்னையில், தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குத் தார் போடும்போதெல்லாம் தெரு ஏறியது, வீடு இறங்கியது. இப்போது கேட்டிலிருந்து உள்ளே வர நல்ல சரிவு. அதில் பார்க்கிங் டைல்ஸ் ஒட்டியிருந்தோம். ஐப்பசி மழையில் ஒரு நாள் அம்மா அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கட்டு பிரிப்பதற்குள் அந்த டைல்ஸைப் பெயர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதனால் டைல்ஸைப் பற்றி நீட்டப் போவதில்லை. விலை குறைவு, வேலை சீக்கிரம் முடியும், கழுவிவிட சுலபம். ஆனால் அடியில் கலவை பரவாத இடத்தில் பைக்கின் சைடு ஸ்டாண்டு நின்றால் விரிசல் விழும். வயதானவர்கள் நடக்கும் சரிவுக்கு வேண்டவே வேண்டாம். கடப்பா கல் நிழல் விழும் முற்றத்துக்கு அருமை. வெயில் படும் வாசலில் கால் வைக்க முடியாது, பாசி பிடித்தால் அதுவும் வழுக்கும்.

மிச்சம் இருப்பவை இரண்டு. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த பேவர் பிளாக், அதாவது மணல் மேல் அடுக்கும் சிமெண்ட் கற்கள். இன்னொன்று, கான்கிரீட் போட்டு, மேல் சிமெண்ட் முழுதாக இறுகுவதற்குள் கழுவியெடுத்து, உள்ளே இருக்கும் கல்லைத் தெரியவிடுவது. 'பெபிள் வாஷ்' என்று கேட்டால் மேஸ்திரிகளுக்குப் புரியும்.

பேவர் பிளாக்கின் பெரிய பலம், கழற்றி மாட்டலாம் என்பது. வடசென்னையில் இது சின்ன விஷயம் இல்லை. பழைய வீடுகளில் கழிவுநீர்க் குழாயும் மெட்ரோ வாட்டர் இணைப்பும் வாசலுக்கு அடியில்தான் போகின்றன. அடைப்பு வந்தால் 10 கல்லை எடுத்து, தோண்டி, சரிசெய்து, அதே கல்லைத் திரும்ப அடுக்கிவிடலாம். மழைத் தண்ணீரும் இடுக்கு வழியாகக் கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கும். கார் நிற்கும் வாசலுக்கு 60 மி.மீ. கனம் போதும், லாரி ஏறும் இடமென்றால் 80 மி.மீ.

பலவீனம் அடியில் இருக்கிறது. கல்லுக்குக் கீழே ஓரங்குலத்துக்கு மணல்தான். ஓரத்தில் கெர்ப் கல், அதாவது தடுப்பு விளிம்புக் கல், கட்டாமல் விட்டால் சக்கரம் ஏறி ஏறி வரிசை விலகும். அப்புறம் பெருச்சாளி. பக்கத்துத் தெருவில் உறவினர் வீட்டில் கேட் ஓரத்தில் ஒரு கைப்பிடி மணல் வெளியே குவிந்திருந்தது. எறும்புப் புற்று என்று நினைத்துக் கல்லைத் தூக்கினோம். கீழே முழங்கை அளவுக்குப் பொந்து. மேலே இருந்த நான்கு கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றிருந்தன. அடித்தளத்தை ஜல்லித்தூள் கலவையால் கெட்டியாக இடித்து, ஓரங்களை கான்கிரீட்டால் அடைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். பல இடங்களில் அந்த வேலையைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

கல் தெரியும் கான்கிரீட்டில் பெருச்சாளிக்கு இடமில்லை, களை முளைக்காது, ஈரத்திலும் காலுக்குப் பிடிப்பு உண்டு. செலவு கூடுதல். பொருளை விட வேலைத்திறனுக்குத்தான் அந்தக் காசு. 300 சதுர அடிக்கு 4 அங்குலக் கனம் என்றால் 100 கன அடி கான்கிரீட். எம்25 என்ற வலிமைத் தரத்துக்குச் சுமார் 20 மூட்டை சிமெண்ட். எங்கள் சந்துக்குள் ரெடிமிக்ஸ் வண்டி நுழையாது, மிக்சர் மெஷின்தான். முழுக் கலவையிலும் கூழாங்கல் போடத் தேவையில்லை. சாதாரண ஜல்லி கான்கிரீட்டைக் கொட்டி மட்டம் பார்த்து, கழுவி ஈரமாக வைத்த கூழாங்கல்லை மேலே நெருக்கமாகத் தூவிக் கட்டையால் தட்டி இறக்கலாம். உடைத்த கருங்கல் சிப்ஸ் மலிவு, பிடிப்பும் அதிகம். ஆனால் வெறுங்காலைக் குத்தும். நாங்கள் உருண்டைக் கல்லே எடுத்தோம்.

எல்லாம் அந்தக் கழுவும் நேரத்தில்தான் இருக்கிறது. கொல்லைப்புறத்தில் 2 அடிக்கு 2 அடியாக மூன்று மாதிரி போட்டுப் பார்த்தோம். முதலாவதை ஒன்றரை மணி நேரத்தில் கழுவினோம். பிரஷ் பட்டதும் கல்லெல்லாம் பல் விழுந்த மாதிரி உதிர்ந்தது. இரண்டாவதை, "இன்னும் கொஞ்சம் விடுங்க சார்" என்று மேஸ்திரி சொல்லிச் சாப்பிடப் போனார். வந்து பார்த்தால் மாசி வெயிலில் கம்பி பிரஷ்ஷுக்கும் அசையவில்லை. மூன்றாவதில், மேல்பரப்பு இறுகுவதைத் தள்ளிப்போடும் ரிட்டார்டர் மருந்தைத் தெளித்து, பாலிதீன் ஷீட் போட்டு மூடினோம். மறுநாள் காலை தண்ணீரை விட்டுத் தேய்க்க, சிமெண்ட் பால் மட்டும் வழிந்து ஓடியது; கல் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. சர்க்கரைக் கரைசலும் சிமெண்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். ஆனால் அளவு கைக்குக் கை மாறும். கடை மருந்தே நல்லது. கல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே தெரியக் கூடாது.

கழுவிய அன்றே 8 அடிக்கு ஒரு வெட்டு, 1 அங்குல ஆழத்துக்குப் போட வேண்டும். விட்டால் கான்கிரீட் தானே தன் இஷ்டத்துக்கு வெடித்துக்கொள்ளும். குறைந்தது 10 நாள் சாக்கு போட்டுத் தண்ணீர் காட்டுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வேண்டாம், வெள்ளை பூத்துவிடும். லாரித் தண்ணீர் வாங்குங்கள். சிமெண்ட் பாலைத் தெரு வடிகாலில் விடாதீர்கள், அங்கே போய்க் கல்லாகிவிடும். ஒரு குழியில் தேக்கி, இறுகியதும் அள்ளிப் போடலாம். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை வந்தால் மொத்தமும் கெடும். அக்னி நட்சத்திரத்திலும் வேண்டாம்.

இதன் பெரிய குறை, தோண்டினால் ஒட்டு தெரியும். அதே கல், அதே மேஸ்திரி என்றாலும் நிறம் ஒத்துப்போகாது.

எனவே இரண்டையும் பிரித்துக்கொண்டோம். குழாய் போகும் பக்கவாட்டில் 3 அடி அகலத்துக்கு பேவர் பிளாக். நடுவில் சரிவு முழுக்கக் கூழாங்கல் கான்கிரீட். சரிவின் அடியில், போர்ட்டிகோவுக்கு முன்னால், கம்பி மூடி போட்ட கால்வாய். அது மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகிறது. உங்கள் வாசலில் சரிவே இல்லை, அடியில் குழாய் நிறைய என்றால் பேவர் பிளாக் மட்டும் போட்டாலே போதும் என்பேன்.

ஒன்று மட்டும் வேலை தொடங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. கூழாங்கல் மேல் கோலம் போட முடியாது. கேட் ஓரத்தில் 3 அடிக்கு 3 அடி இடத்தில் கல் தூவாமல், மேஸ்திரி பூச்சைத் தேய்க்கும் மணியாசு கட்டையால் தேய்த்து, வழுக்காத சிமெண்ட் தரையாகவே விட்டோம். அம்மா இப்போது இடது கையால் சொம்பைப் பிடித்துத் தண்ணீர் தெளித்து, வலது கையால் புள்ளி வைக்கிறார்.